வெள்ளாட்டுக் குட்டிகளின் கோடைக் குறையும் ஊருக்குள் கிடைக்கும் புரதத் தீவனங்களும்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஈன்ற வெள்ளாட்டுக் குட்டிகள் மாசி வரையில் துள்ளி விளையாடி நன்றாய் வளர்ந்து வருவதையும், பங்குனி பிறந்தவுடன் அவற்றின் வளர்ச்சி திடீரென்று நின்றுவிடுவதையும் கரிசற் பூமியில் ஆடு வைத்திருக்கும் குடியானவர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். குட்டி சாவதில்லை, நோயென்று சொல்லத்தக்க அடையாளமும் ஒன்றும் இராது. காலையில் மந்தையோடு போகிறது. மாலையில் வயிறு புடைத்துத் திரும்புகிறது. ஆயினும் சித்திரையிற் கண்ட குட்டி ஆவணியிலும் ஏறக்குறைய அதே உருவில் நிற்கும். மயிர் சிலிர்த்து, முதுகெலும்பு தெரிந்து, தலை மாத்திரம் உடலுக்குப் பெரிதாய்த் தோன்றும். ஐப்பசியில் தீபாவளிச் சந்தைக்குக் கொண்டுபோனால், வியாபாரி இடுப்பில் கைவைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் அடுத்த ஆட்டுக்குப் போய்விடுவான். ஏறக்குறைய ஒரு வருஷம் மேய்த்த கூலிகூட அந்த விலையில் வருவதில்லை.

இந்நஷ்டம் சிறியதன்று. 2019-ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் மாத்திரம் ஏறக்குறைய 99 லட்சம் இருந்தன. அவற்றுள் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களின் மானாவாரிப் பகுதிகளில் கன்னி ஆடும் கொடி ஆடும் பேர்பெற்றவை. நல்ல உயரமும், இரட்டைக் குட்டி ஈனும் குணமும், வெயிலைத் தாங்கும் சக்தியும் வாய்ந்த இவ்வினங்களைக் குறைகூற இடமில்லை. குட்டி வளராமைக்கு இனத்தின்மீது பழிசுமத்தி, வெளியூர்க் கிடாய்களை அதிக விலைக்கு வாங்கிவருவோர் உண்டு. பெரிய உடம்புள்ள இனத்துக்குத் தீனியும் பெரிதாகவே வேண்டும் என்பதை அவர்கள் அடுத்த கோடையில் அறிந்துகொள்கிறார்கள்.

குறை வயிற்றில் இல்லை, தீனியின் தரத்திலேயே இருக்கிறது. கோடையில் கரிசற் காட்டில் ஆட்டுக்குக் கிடைப்பவை காய்ந்த புல், சோளத்தட்டையின் மிச்சம், பருத்திமாரில் ஒட்டியிருக்கும் சருகு ஆகியவையே. இவை வயிற்றை நிரப்பும். ஆனால் உடம்பில் தசை வளர்வதற்கு வேண்டிய புரதம் இவற்றில் மிகச் சொற்பம். முற்றிய சோளத்தட்டையிலும் வைக்கோலிலும் நூற்றுக்கு 3, 4 பங்குதான் புரதம் உண்டு. வளரும் குட்டியின் ஆகாரத்தில் அது நூற்றுக்கு 14 பங்காவது இருத்தல் வேண்டும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரைச் செரிக்கச் செய்பவை அவையே. அவற்றுக்கும் புரதத்திலுள்ள நைட்ரஜன் சத்து வேண்டும். தீனியில் புரதம் நூற்றுக்கு 7 பங்குக்குக் கீழே இறங்கினால் அந்நுண்ணுயிர்கள் குன்றிப்போகின்றன. தின்ற தாள் செரிக்காமல் பையிலேயே தங்குகிறது. ஆகவே ஆடு மேலும் தின்னாது. மாலையில் நாம் கண்டு திருப்தியடையும் புடைத்த வயிறு பெரும்பாலும் இவ்விதம் தேங்கிநிற்கும் தாளேயாம். சிறிதளவு புரதத்தைக் கூட்டிக் கொடுத்தால், அதே காய்ந்த புல்லை ஆடு அதிகமாய்த் தின்று நன்றாய்ச் செரிக்கவும் செய்யும்.

எவ்வளவு கூட்டவேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 கிலோ எடையுள்ள குட்டி நாளொன்றுக்கு, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், ஏறக்குறைய 400 கிராம் தீனி தின்னும். அதில் 55 கிராம் புரதம் இருப்பது நலம். காய்ந்த மேய்ச்சலில் நூற்றுக்கு 5 பங்கு புரதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 20 கிராம். ஆகவே குறைவது சுமார் 35 கிராம். இது ஓர் உத்தேசக் கணக்கேயாயினும், குறையின் அளவு மனத்திற் பதிவதற்குப் போதும். கடலைப் பிண்ணாக்கு 80 கிராம் கொடுத்தால் இக்குறை தீர்ந்துவிடும். அப்படியானால் பிண்ணாக்கை வாங்கிப் போடலாமே என்று கேட்கலாம். 20 குட்டிகளுக்கு 5 மாதம் அவ்விதம் கொடுக்க 240 கிலோ பிண்ணாக்கு வேண்டும். அதனை விலைகொடுத்து வாங்குபவர் யார் என்பதுதான் கேள்வி.

இவ்விடத்தில் வாரத்துக்கு ஆடு விடும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. நிலமுடையோர் பலர் தாய் ஆடுகளை வாங்கி, நிலமில்லாத குடும்பங்களிடம் வளர்ப்புக்கு விட்டு, பிறக்கும் குட்டிகளைச் சரிபாதியாய்ப் பிரித்துக்கொள்ளுகிறார்கள். இவ்வேற்பாட்டில் மேய்ச்சல் உழைப்பு வளர்ப்பவருடையது, முதல் உடையவருடையது. தீவனச் செலவு ஒருவர் கணக்கிலும் இல்லை. பிண்ணாக்கு வாங்கினால் பாதிப் பலன் மற்றவருக்குப் போகுமே என்று இருவரும் தயங்குவது இயற்கை. வளர்ப்பவரிடம் பணம் இல்லை. உடையவருக்கு அன்றாடம் குட்டியைப் பார்க்கும் சந்தர்ப்பம் இல்லை. நடுவில் குட்டி பட்டினி கிடக்கிறது. பணச் செலவில்லாத புரதம் உடையவரின் வரப்பிலும் வேலியிலும் கிணற்று மேட்டிலும் தழையாய் நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் அதனை ஒடிக்க வளர்ப்பவருக்கு அனுமதி இல்லை. தழைக்கு அனுமதி கொடுப்பதையும், வேண்டிய மரங்களை வைப்பதையும் வாரப் பேச்சின்போதே உடையவர் சேர்த்துப் பேசிவிட்டால், இருவர் பங்கும் எடை கூடும். இக்கட்டுரையில் சொல்லப்படும் மற்றவையெல்லாம் இவ்வொன்றுக்கு அடுத்தபடியே.

தழைகள்

வெள்ளாடு இயற்கையாகவே புல்லைவிடத் தழையை விரும்பும் பிராணி. மரத்தழைகளுள் அகத்தி தலைசிறந்தது. ஈரம் நீக்கிய அகத்தித் தழையில் நூற்றுக்கு 25 பங்கு அளவில் புரதம் இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போர் கொடி படர்வதற்கும் நிழலுக்கும் அகத்தியை வளர்த்து, அவ்வப்போது கழித்துவிடும் தழையை ஆட்டுக்காரருக்கு விற்பது நெடுநாளைய வழக்கம். ஆயினும் அகத்திக்கு ஒரு குறை உண்டு. அடிக்கடி மொட்டையடிப்பதை அது பொறுக்காது. பக்கக் கிளைகளை மாத்திரம் ஒடித்து, நுனிக் குருத்தையும் சில கிளைகளையும் விட்டுவைக்கவேண்டும். இதை அறியாமல் ஒரே வருஷத்தில் வரப்பு முழுவதையும் பட்டுப்போகச் செய்துவிட்டு, அகத்தி நமது மண்ணுக்கு ஆகாது என்று சொல்வோர் பலர்.

அடிக்கடி வெட்டத் தகுந்தது கிளைரிசிடியா. கொம்பு நட்டாலும் வரும், விதையிட்டாலும் வரும். வயலுக்குத் தழையுரமாக இதனை வரப்புகளில் ஏற்கெனவே வைத்திருக்கும் குடியானவர்கள் அநேகர். இதன் வாடையினால் ஆடுகள் முதலில் முகர்ந்து பார்த்து விலகிப்போகும். உடனே வெட்டி உடனே போடாமல், ஒருநாள் நிழலில் வாடவைத்துப் போட்டால் தின்னத் தொடங்கும். ஒரு ஆடு தின்றுவிட்டால் மற்றவை பின்தொடரும். கல்யாணமுருங்கை, வாதநாராயணன், வாகை, கொடுக்காப்புளி ஆகியவற்றின் தழையும் நல்லதே. அகத்தியோ கிளைரிசிடியாவோ பச்சையாக அரைக் கிலோ கொடுத்தால் அதிலிருந்து 25 கிராம் வரையில் புரதம் கிடைக்கும். குட்டிக்குக் குறைந்த 35 கிராமில் பெரும்பாகம் இதிலேயே அடங்கிவிடுகிறது.

சவுண்டல் அல்லது சூபாபுல் என்னும் மரத்தைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்லவேண்டும். தழையின் சத்தில் அது அகத்திக்கு ஏறக்குறைய சமம். வெட்ட வெட்டத் தழைக்கும். ஆனால் அதில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், அதையே பெரும்பாகமாய்த் தின்னும் ஆடுகளுக்கு மயிர் உதிர்தலும், கழுத்துச் சுரப்பி வீங்குதலும், வளர்ச்சிக் குறைவும் உண்டாகும். ஆஸ்திரேலியாவில் இத்தழையால் கால்நடைகள் நலிந்துவர, ஹவாய்த் தீவுகளில் அதே தழையைத் தின்னும் ஆடுகள் ஒரு தீங்குமின்றி இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆஸ்திரேலிய விஞ்ஞானி கவனித்தார். ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் அந்நஞ்சைச் சிதைக்கும் ஒரு நுண்ணுயிர் இருக்கவேண்டும் என்று ஊகித்து, 1980-களில் அவற்றின் இரைப்பைத் திரவத்தை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குப் புகட்டிப் பார்த்ததில் நஞ்சு நீங்கிற்று. 1992-ல் அந்நுண்ணுயிருக்கு அவருடைய பெயரையே இட்டார்கள். இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டியது யாதெனில், இத்தழைக்குப் பழகிய மந்தை வேறு, பழகாத மந்தை வேறு என்பதே. பக்கத்து ஊரில் தின்கிறதே என்று சந்தையில் நேற்று வாங்கிய குட்டிக்கு இன்று கட்டுக்கட்டாய்ப் போடலாகாது. சிறிது சிறிதாய்ப் பழக்கி, மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் கொடுத்துவந்தால் பயமில்லை.

தழையைத் தரையிற் போடுவது வீண். ஆடு தன் காலால் மிதித்த தழையையும் மூத்திரம் பட்ட தழையையும் தொடாது. பாதி குப்பைக்குப் போகும். குட்டியின் முகத்துக்குச் சற்று மேலே எட்டும்படி கட்டாய்க் கட்டித் தொங்கவிட்டால், காம்பு மாத்திரமே மிஞ்சும்.

செலவில்லாத தீவனம் என்று மேலே சொன்னோம். பணச்செலவு இல்லை என்பதே அதன் பொருள். துறட்டி எடுத்துக்கொண்டு போய்த் தழை ஒடித்துத் தலைச்சுமையாய்க் கொண்டுவருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. 20 குட்டிகளுக்குத் தலைக்கு அரைக் கிலோ என்றால் நாள்தோறும் 10 கிலோ சுமை. மரம் 2 மைல் தூரத்தில் இருக்குமானால் இந்த யோசனை ஒரு வாரத்துக்கு மேல் நடவாது. ஆகையால் ஆட்டுப்பட்டிக்கு அருகிலுள்ள வேலியிலும் கிணற்று மேட்டிலும் மரம் வைப்பதே உசிதம்.

பயறுவகைக் கொடிகளும் பருப்பு ஆலைக் கழிவுகளும்

நிலக்கடலைக் கொடியில் நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு புரதம் உண்டு. சோளத்தட்டையைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு. தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றின் கொடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. காயைப் பறித்தபின் கொடியைக் களத்திலேயே மழையில் நனையவிட்டால் பூஞ்சணம் பிடித்து விஷமாகிவிடும். வெயிலில் நெடுநாள் கிடந்தாலோ சத்துள்ள இலையெல்லாம் நொறுங்கி உதிர்ந்து தண்டு மாத்திரம் நிற்கும். இரண்டு நாள் காயவைத்து, இலை உதிருமுன் காலை வேளையில் கட்டி, தரையிற் படாமல் பரண்மேல் போரடிக்கவேண்டும். இப்போரைக் குட்டிகளுக்கென்று ஒதுக்கிவைப்பது நலம். உழவு மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் முதலில் போட்டு, பங்குனியில் குட்டிக்கு ஒன்றுமில்லாமற் செய்துவிடுவதே பெரும்பாலான இடங்களில் நடக்கிறது.

விருதுநகர் பருப்பு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அங்குள்ள ஆலைகளில் துவரை, உளுந்து, பாசிப்பயறு உடைக்கும்போது கழியும் பொட்டு சுற்றுவட்டாரமெங்கும் மூட்டையாய் விற்கிறது. பொட்டு என்று ஒரே பெயரிட்டு விற்றாலும் சரக்கு ஒன்றன்று. வெறுந் தோல் மாத்திரம் இருந்தால் அதில் புரதம் அற்பம்; பருப்பின் முளையும் குருணையும் மாவும் கலந்திருந்தால் நூற்றுக்கு 15 பங்குக்கு மேலும் இருக்கும். வாங்குமுன் ஒரு பிடியைச் சுளகிலிட்டுப் புடைத்துப் பார்க்கவேண்டும். முன்னே பறந்துபோவது தோல். சுளகில் தங்குவதே நாம் விலைகொடுக்கும் சத்து. இந்தச் சோதனைக்கு ரசாயன சாலை வேண்டுவதில்லை.

எத்தீவனத்தையும் மூட்டை விலையைப் பார்த்து வாங்குவது ஏமாற்றத்துக்கு இடம். புரதத்தின் விலையைப் பார்த்தே வாங்கவேண்டும். கிலோ விலையை 100-ஆல் பெருக்கி, நூற்றுக்கு எத்தனை பங்கு புரதமோ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு கிலோ புரதத்தின் விலை வரும். உதாரணத்துக்கு, நூற்றுக்கு 45 பங்கு புரதமுள்ள கடலைப் பிண்ணாக்கு கிலோ 45 ரூபாய் என்றும், 16 பங்கு புரதமுள்ள பொட்டு கிலோ 24 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பிண்ணாக்கில் ஒரு கிலோ புரதம் 100 ரூபாய். பொட்டில் 150 ரூபாய். மலிவென்று தோன்றியதே இங்கு விலை கூடியது. விலைகள் மாதந்தோறும் மாறுமாதலால், அந்தந்தச் சமயத்தில் இக்கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். எள்ளுப் பிண்ணாக்கில் 35 முதல் 40 பங்கும், தேங்காய்ப் பிண்ணாக்கில் 20 பங்குக்குச் சற்று மேலும், தோல் நீக்காத பருத்திவிதைப் பிண்ணாக்கில் ஏறக்குறைய 22 பங்கும் புரதம் உண்டு.

பிண்ணாக்கு வாங்குவோர் மூன்று எச்சரிக்கைகளை மறக்கலாகாது. பூஞ்சணம் பூத்த கடலைப் பிண்ணாக்கு எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் தொடவேண்டாம். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டபோது, பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சணமே காரணமென்று கண்டார்கள். அஃப்ளடாக்சின் என்று இப்பொழுது சொல்லப்படும் நஞ்சு அவ்விதமே வெளிப்பட்டது. அது ஈரலைக் கெடுப்பது, இளங்குட்டிகளை முந்தித் தாக்கும், வேகவைத்தாலும் நீங்காது. அடுத்து, பருத்திவிதையிலும் அதன் பிண்ணாக்கிலும் கோசிப்பால் என்னும் பொருள் இருப்பதால், இரைப்பை முற்றாத 4 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு அது வேண்டாம். ஆமணக்குப் பிண்ணாக்கோ கொடிய விஷம். செக்கடியிலும் உரக்கடையிலும் மற்றப் பிண்ணாக்குகளோடு கலந்துவிடாதபடி அதனைத் தனியே வைக்கவேண்டும்.

அஸோலாவும் யூரியாவும்

அஸோலா என்னும் நீர்ப்பாசியைத் தொட்டியில் வளர்த்து ஆட்டுக்குக் கொடுக்கலாம் என்று சில வருஷங்களாய்ப் பலரும் ஊக்கமாய்ச் சொல்லி வருகிறார்கள். உலர்ந்த அஸோலாவில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் இருப்பது உண்மை. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் அஸோலாவில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீரே. ஆகவே ஒரு கிலோ பச்சை அஸோலாவில் கிடைக்கும் புரதம் 12 முதல் 15 கிராம். ஒரு குட்டியின் குறையை இதனாலேயே தீர்க்க 2 கிலோவுக்கு மேல் வேண்டும்; 20 குட்டிகளுக்கு 40 கிலோவுக்கு மேலாகும்! கோடையில் குடிதண்ணீருக்கே குடம் சுமக்கும் கரிசற் கிராமத்தில் இது நடவாது. வற்றாத கிணறும் மரநிழலும் உள்ள தோட்டக்காரர் நாலைந்து குட்டிகளுக்குக் கைத்தீனியில் கலந்து கொடுக்கலாம், அவ்வளவே.

யூரியாவில் நைட்ரஜன் இருப்பதால் அதை வைக்கோலில் தெளித்து ஊறவைத்து வளர்ந்த மாடுகளுக்குக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. குட்டிகளுக்கு அது உதவாது. இரைப்பை முற்றாத குட்டிக்கும், பட்டினி கிடந்த ஆட்டுக்கும் யூரியா அரைமணி நேரத்தில் உயிரைப் போக்கக்கூடியது. உர மூட்டையைப் பட்டியின் அருகே வைப்பதுகூடத் தவறு.

நெற்றுகள்

கோடையில் மற்றவையெல்லாம் வற்றும்போது பழுத்து உதிர்வது வேலநெற்று. கருவேலம், உடை, வெள்வேல் ஆகிய மரங்களின் நெற்றைத் துறட்டியால் உலுக்கி ஆட்டுக்கு விடுவதை மேய்ப்போர் பரம்பரையாய்ச் செய்துவருகிறார்கள். கருவேல நெற்றில் நூற்றுக்கு 10 முதல் 13 பங்கு புரதம் இருக்கிறது. ஆயினும் அதில் துவர்ப்பும் மிகுதி. துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிக்கவிடாமல் புழுக்கையோடு வெளியேற்றுவதால், காகிதத்தில் 11 பங்காக இருப்பது உடம்பில் 11 பங்காகச் சேர்வதில்லை. ஆகையால் நெற்றை மாத்திரமே வயிறுநிறையக் கொடுப்பதில் லாபமில்லை. தழையோடும் தானியக் குருணையோடும் சிறுபங்காய்ச் சேர்ப்பதே முறை. இராப்பொழுதில் அசைபோடும்போது ஆடுகள் துப்பிய வேலவிதை பட்டியில் குவிந்து கிடக்கும். நாற்றுக்கு அவ்விதையே நன்கு முளைப்பது.

சீமைக்கருவேலின் நெற்று வேறு விஷயம். 1870-களில் சென்னை மாகாணத்துக்கு விதை தருவிக்கப்பட்ட இம்மரம் இன்று கண்மாய்களையும் தரிசுகளையும் மூடி நிற்பதும், அதனை ஒழிக்கச் சர்க்காரும் நீதிமன்றமும் முயன்று வருவதும் யாவரும் அறிந்ததே. நெற்று இனிப்பானது, புரதமும் நூற்றுக்கு 12 பங்கு அளவில் உண்டு, துவர்ப்பு குறைவு. தீவனமாய்ப் பார்த்தால் கருவேல நெற்றைவிட ஒருபடி மேலென்றே சொல்லவேண்டும். ஆனால் முழு நெற்றாய்த் தின்னும் ஆடு விதையைச் செரிக்காமல் புழுக்கையில் போட்டுவிடும். அந்த எரு போகும் வயலெல்லாம் அடுத்த மழைக்குச் சீமைக்கருவேல் முளைக்கும். கிடைபோடும் நிலக்காரர் இதனால் படும் தொல்லை சொல்லி முடியாது. ஆகவே இந்நெற்றை அரைத்துக் கொடுப்பதே நியாயம். ஈரம் இருந்தால் அதன் இனிப்புப் பசை இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து நாள் நல்ல வெயிலில் மொறுமொறுப்பாய்க் காயவைத்து, நடுப்பகலில் அரைத்தால் தடையின்றி மாவாகும். கைத்தீனியில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இதனைச் சேர்க்கவேண்டாம். மாதக்கணக்காய் இதையே பெரும்பாகமாய்த் தின்ற கால்நடைகளுக்குத் தாடை நரம்பு கெட்டு வாய் கோணி மெல்லமுடியாமற் போவதைப் பிரேஸில் தேசத்தில் கண்டிருக்கிறார்கள்.

கருவேல நெற்றைப் பற்றி ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அதிகாரிகளும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1981 முதல் ஸ்வீடன் தேசத்தின் உதவியுடன் நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களின் உட்பரப்பில் கருவேல மரங்கள் பெருவாரியாய் நடப்பட்டன. மரம் ஏலம்போகும்போது, நெற்றும் குத்தகைதாரர் வசமாகிவிடுமானால், ஊரில் ஆடு வளர்ப்போர் தங்கள் கண்மாயின் நெற்றைத் தாங்களே விலைக்கு வாங்கும் நிலைமை உண்டாகும். மரம் வெட்டும் தவணை பங்குனிக்கு முன்னே வைக்கப்பட்டால் அவ்வருஷத்து நெற்று அடியோடு போய்விடும். ஏல நிபந்தனை எழுதும்போதே வெட்டுத் தவணையை ஆனிக்குப் பின்னே வைப்பதும், உதிரும் நெற்றைப் பொறுக்கும் உரிமையை ஊராருக்கென்று ஒதுக்குவதும் சாத்தியமா என்று மரத்துக்கு உரிமையுள்ள இலாகாவிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். ஏலத்தொகையில் இதனால் குறைவது சொற்பமாகவே இருக்கும். வருஷத்தில் வேறொன்றும் கிடைக்காத 3 மாதத்தில் பல பட்டிகளுக்குத் தீனி கிடைக்கும்.

கொடுக்கும் முறை

10 கிலோ கைத்தீனிக்கு, கம்பு அல்லது சோளக் குருணை 3 கிலோ, குருணை கலந்த பருப்புப் பொட்டு 2 கிலோ 700 கிராம், நெற்று மாவு 2 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சமையல் உப்பு 100 கிராம் என்று கலந்துகொண்டால் நூற்றுக்கு 18 பங்கு அளவில் புரதம் அமையும். இதில் குட்டியொன்றுக்கு நாளைக்கு 100 முதல் 150 கிராம் வரையிலும், அதனோடு பச்சைத் தழை 300 கிராமுக்குக் குறையாமலும் கொடுத்தால் மேலே சொன்ன 35 கிராம் புரதம் நிறைந்துவிடும். பிண்ணாக்கு நாளொன்றுக்கு 80 கிராம் வேண்டியிருந்த இடத்தில் 30 கிராமுக்குள் காரியம் முடிகிறது. நெற்றும் தழையும் தாராளமாய்க் கிடைக்கும் ஊரில் பிண்ணாக்கை இன்னும் குறைக்கலாம்.

கைத்தீனியை மந்தைக்குப் பொதுவாய் வைத்தால் பெரிய ஆடுகள் முட்டித் தள்ளிவிட்டுத் தின்றுவிடும். குட்டிக்கு ஒன்றும் எட்டாது. பட்டியின் ஒரு மூலையை மூங்கிலால் அடைத்து, குட்டி மாத்திரம் நுழையக்கூடிய சந்து விட்டு, உள்ளே தொட்டி வைக்கவேண்டும். குட்டிகளை அடைக்கும் கூடாப்பு இருக்குமானால் அதிலேயே வைக்கலாம். மேய்ச்சலுக்குப் போகுமுன் கொடுப்பதைவிட, மாலையில் திரும்பியபின் தண்ணீர் காட்டிவிட்டுக் கொடுப்பது சௌகரியம்.

பட்டினியாய் வந்த குட்டிக்கு முதல் நாளே சத்துத் தீனியை அள்ளி வைப்பது ஆபத்து. குடலில் முன்பே இருக்கும் ஒருவகை நுண்ணுயிர் திடீரென்று பெருகி விஷத்தைக் கக்க, மாலையில் நன்றாயிருந்த குட்டி விடியற்காலையில் துள்ளி விழுந்து மாண்டு கிடக்கும். துள்ளுமாரி என்று ஆட்டுக்காரர் சொல்லும் நோய் இதுவே. மெலிந்த குட்டியைவிட, மந்தையிற் கொழுத்த குட்டியே முதலிற் சாவதால், யாரோ கண்வைத்தார்கள் என்று சொல்லுவதும் உண்டு. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொண்டபின், கைத்தீனியை 20 கிராமில் தொடங்கி 10 நாளில் முழு அளவுக்குக் கொண்டுவரவேண்டும்.

குடற்புழு மிகுந்த குட்டிக்கு எத்தீவனம் கொடுத்தும் பயனில்லை. நாம் கொடுக்கும் புரதம் புழுவுறிஞ்சும் இரத்தமாய்ப் போய்விடும். கீழ்க் கண்ணிமையை விலக்கிப் பார்க்கவேண்டும். உட்புறம் சிவந்திருந்தால் சரி. வெளுத்திருந்தால் முதலில் புழுமருந்து, பிறகே தீவனம்.

பலன் தெரிய, மாதம் ஒருமுறை குட்டியைச் சாக்குத் தொட்டிலில் இட்டுத் தொங்குதராசில் நிறுத்து எழுதிவைப்பது நன்று. வாரத்துக்கு விட்ட ஆடாயின், உடையவரும் வளர்ப்பவரும் சேர்ந்து நிறுப்பது பிற்காலத்தில் பேச்சு வளராமலிருக்க உதவும்.

நெற்று சேகரிக்கும் காலம் பங்குனி முதல் வைகாசி வரை. பொறுக்கிய நெற்றை வெயிலில் நன்கு காயவைத்து, கோணியிற் கட்டித் தரையிற் படாமல் பலகைமேல் அடுக்கவேண்டும். வண்டு விழுமாதலால் மாதம் ஒருமுறை திரும்பவும் வெயில் காட்டவேண்டும். கிளைரிசிடியாக் கொம்புகளையும் அகத்தி விதையையும் ஐப்பசி மழையின் முதல் ஈரத்தில் ஊன்றிவிடலாம். முதல் வருஷம் அவற்றை ஆடு கடியாமல் முள்வேலி இட்டுக் காப்பது அவசியம். அவ்வருஷம் முழுவதும் கிளைரிசிடியாவை வெட்டாமல் வேரூன்ற விட்டுவைத்தால், அடுத்த பங்குனியிலிருந்து தழை எடுக்கலாம்.